கடலோரச் சந்தை – 17: பெட்டியோடு வாங்கிய 8085

கல்விக்கூடங்களில் ஆண்டு முடிந்து ஸ்டாக் சரிபார்க்கும் நேரம் வந்துவிட்டால் பழைய இரும்புக் கடைகளுக்கு நல்ல காலம். உடைந்த பெஞ்சு, துருப்பிடித்த பீரோ, சுற்றாத மோட்டார் இவற்றோடு ஆய்வகக் கருவிகளையும் ‘கண்டம்’ போட்டு, பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு கிழித்து, மொத்தமாக டெண்டர் விட்டு அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒரு லாட்டில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்த சில பெட்டிகளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

கையில் தூக்கிப் போகிற அளவுள்ள பெட்டி. மூடியைத் திறந்தால் பச்சைப் பலகை, சிவப்பு எழுத்து எரியும் ஆறு இலக்க டிஸ்ப்ளே, இருபத்துச் சொச்சம் விசைகள், நடுவில் நாற்பது கால் கொண்ட கறுப்பு ஐசி. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து இருபது இருபத்தைந்து ஆண்டுகள் தமிழ்நாட்டில் எலெக்ட்ரானிக்ஸோ, எலெக்ட்ரிகலோ, கம்ப்யூட்டரோ படித்த யாருக்கும் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 8085 கிட். மைக்ரோபிராசசர் லேப் என்றால் இந்தப் பெட்டிதான். இன்று கையில் வைத்திருக்கும் போனுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுகிற நமக்கு, ஒரு காலத்தில் ஒரு பிராசசருக்குள் நடப்பதை பைட் பைட்டாகக் காட்டிக் கொடுத்த பெட்டி.

துறைமுகச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கடை அது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அலுமினியப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன.

“அண்ணாச்சி, இது என்ன விலை?”

“எல்லாம் கிலோ கணக்குதான் சார். போர்டுக்கு ஒரு ரேட்டு, பெட்டித் தகரத்துக்கு ஒரு ரேட்டு. நாளைக்குப் பையன் வந்து பிரிச்சிருவான்.”

“பிரிக்க வேண்டாம். பெட்டியோடயே வேணும்.”

“பெட்டியோடயா? அத வச்சி என்ன செய்யப் போறீய?”

ஓடவைக்கப் போகிறேன் என்றேன். அண்ணாச்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையனைக் கூப்பிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கச் சொன்னார். விலை கிலோ ரேட்டைவிடக் கொஞ்சம் கூட. நியாயமான விலைதான். அவர் போட்ட முதலுக்கு அவர் லாபம் பார்க்க வேண்டும்.

இப்படி லாட்டாக வாங்குவதில் ஒரு சூதாட்டம் உண்டு. உள்ளே எது வேலை செய்யும், எது வெறும் கூடு என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. இந்தக் கரைக்கு அது பழக்கமான வியாபாரம். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அதுவரை சிப்பியை ஆயிரம் ஆயிரமாக எண்ணி, திறக்காமலே ஏலம் விட்டார்கள். முத்து இருக்குமா, இருந்தால் எந்த அளவில் என்பதெல்லாம் ஏலம் எடுத்தவரின் அதிர்ஷ்டமும் அனுபவமும். கடலடியில் எந்தப் பாரிலிருந்து வந்த சிப்பி, எத்தனை வயதுச் சிப்பி என்று பார்த்துக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். கண்டம் போட்ட கருவிகளிலும் அப்படிச் சில அடையாளங்களை வைத்து ஓரளவு கணக்குப் போடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. சில கிட்களில் மின்சாரம் போனாலும் ரேமில் உள்ள புரோகிராம் அழியாமல் இருக்க, பலகையிலேயே ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். மூன்று சிறிய செல்களை ஒன்றாகச் சுற்றிய உருளை. இருபது ஆண்டு யாரும் தொடாமல் கிடந்தால் அது கசியும். கசிவது காரம், பலகையின் தாமிரக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும். நான் வாங்கிய பெட்டிகளில் ஒன்றைத் திறந்தபோது பேட்டரிக்குக் கீழே நீலமும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பச்சைப் பூச்சுக்கு அடியில் கோடு கறுத்துப்போய், அருகிலிருந்த ஐசி சாக்கெட்டின் நாலைந்து கால்கள்வரை அரிப்பு ஏறியிருந்தது. தூத்துக்குடியின் உப்புக் காற்று வேறு. உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிளைக்கூட வைத்துக் காப்பாற்ற முடியாத ஊரில், வெள்ளீயம் பூசிய ஐசி கால்கள் கறுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்கு வைத்தியம் எளிது. பேட்டரியை முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும். கசிந்தது காரம் என்பதால் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் நுரைத்து அடங்கும். பிறகு சுத்தமான தண்ணீர், அதன்பின் ஐசோபுரோபைல் ஆல்கஹால். நன்றாகக் காயவிட்டு, அறுந்த கோடுகளை மெல்லிய கம்பியால் இணைக்க வேண்டும். இதையெல்லாம் முடிக்காமல் சுவிட்சைப் போடக் கூடாது. வாங்கியவுடன் ஆர்வத்தில் பிளக்கைச் செருகி நல்ல கிட்டைப் புகைத்தவர்கள் நிறையப் பேர். பவர் சப்ளையைத் தனியே கழற்றி, 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகே பலகைக்குக் கொடுக்க வேண்டும். 5 இருக்க வேண்டிய இடத்தில் 7 இருந்தால் பலகையில் உள்ள ஐசிகள் போய்விடக்கூடும்.

இரண்டாவது, ஈப்ராம். பலகையில் ஒரு ஐசியின் முதுகில் மட்டும் வட்டமான கண்ணாடி ஜன்னல் இருக்கும், அல்லது அந்த ஜன்னலை மூடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதற்குள்தான் மானிட்டர் புரோகிராம் இருக்கிறது. விசையை அழுத்தினால் படிப்பது, டிஸ்ப்ளேயில் காட்டுவது, நாம் எழுதிய புரோகிராமை ஓட்டுவது எல்லாம் அதன் வேலை. இந்த வகை மெமரியை 1971-ல் இன்டெல்லில் உருவாக்கியவர் டாவ் ஃப்ரோமன். சுற்றிலும் கண்ணாடிப் படலத்தால் அடைக்கப்பட்ட ஒரு சிறு வாயிலில் எலெக்ட்ரான்களைச் சிறைவைப்பதுதான் அதன் தத்துவம். புற ஊதாக் கதிர் பட்டால் எலெக்ட்ரான்கள் தப்பிவிடும், மெமரி வெறுமையாகிவிடும். அழிப்பதற்கென்றே ஒரு விளக்குப் பெட்டி ஆய்வகங்களில் இருக்கும். அதற்குள் கால்மணி, இருபது நிமிடம் வைத்தால் போதும். நேரடி வெயிலில் ஸ்டிக்கர் இல்லாமல் கிடந்தால் சுமார் ஒரு வாரத்தில் அழிந்துவிடக்கூடும் என்றும், டியூப் லைட் வெளிச்சத்திலேயே தொடர்ந்து இருந்தால் மூன்று ஆண்டில் அழியலாம் என்றும் இன்டெல்லின் விவரக் குறிப்பே எச்சரித்தது. ஸ்டிக்கர் உரிந்த ஈப்ராமைத் தூத்துக்குடி வெயிலில் இரும்புக்கடை வாசலில் காயப்போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஸ்டிக்கர் உரிந்திருந்தால் முதல் வேலை, அந்த ஜன்னலில் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டுவது. இரண்டாவது வேலை, உள்ளே இருப்பதைப் படித்துக் கம்ப்யூட்டரில் சேமிப்பது. 2716 வகை ஈப்ராமில் எழுதத்தான் 25 வோல்ட் வேண்டும்; படிக்க 5 வோல்ட் போதும்.

மூன்றாவது, ஐசியின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்து. இன்டெல்லின் ஐசிகளில் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து உறையைச் சொல்லும். ‘பி’ என்றால் பிளாஸ்டிக், ‘டி’ என்றால் சாம்பல் நிறப் பீங்கான், ‘சி’ என்றால் வெள்ளைப் பீங்கானும் பொன்முலாமும். நான்கு இலக்கத் தேதிக் குறியில் முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 8423 என்றிருந்தால் 1984-ன் 23-ஆம் வாரம் செய்தது. 8085-ஐ இன்டெல் மட்டும் செய்யவில்லை. என்ஈசி, ஏஎம்டி, தோஷிபா, சீமென்ஸ், மிட்சுபிஷி எல்லோரும் செய்தார்கள். அதனால் ஒரே கல்லூரியின் ஒரே ஆண்டு கிட்களிலும் வேறு வேறு கம்பெனி ஐசிகள் இருக்கும். சந்தையில் பழைய ஐசியின் எழுத்தைச் சுரண்டி, புது எழுத்து அடித்து விற்பவர்களும் உண்டு. சந்தேகமாக இருந்தால் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். போலி மை பெரும்பாலும் கையோடு வந்துவிடும்.

இந்தச் சிப்புக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். இன்டெல்லின் 8080 வந்தது 1974-ல். அதை ஓட்ட +5, −5, +12 என மூன்று வகை வோல்டேஜ் வேண்டும். கூடவே இரண்டு துணை ஐசிகள் வேண்டும். 1976-ல் வந்த 8085-க்கு 5 வோல்ட் ஒன்றே போதும். கடிகாரத் துடிப்பை உண்டாக்கும் சர்க்யூட்டும் சிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. வெளியே ஒரு கிரிஸ்டலைப் பொருத்தினால் ஓடும். ஏறத்தாழ 6,500 டிரான்சிஸ்டர், 3 மெகாஹெர்ட்ஸ் வேகம். மொத்தக் கருவியையும் ஒரு மனிதர் மனதில் வைத்துக்கொள்ள முடிகிற அளவு. அதுதான் அதை ஆசிரியராக்கியது.

அந்தக் காலத்தில் ஒரு மைக்ரோபிராசசரை வைத்து ஏதாவது செய்ய வேண்டுமென்றால் இரண்டு வழி இருந்தன. பணம் உள்ளவர்களுக்கு இன்டெல்லின் இன்டெலெக் டெவலப்மென்ட் சிஸ்டம். நீலப் பெட்டி, திரை, எட்டு அங்குல ஃப்ளாப்பி. அதோடு இன்-சர்க்யூட் எமுலேட்டர் என்ற கருவியும் கிடைக்கும். நீங்கள் உருவாக்கும் பலகையிலிருந்து 8085-ஐப் பிடுங்கிவிட்டு, அதே நாற்பது கால் சாக்கெட்டில் ஒரு பட்டைக் கேபிளின் முனையைச் செருக வேண்டும். பலகை தன் பிராசசர் இருப்பதாகவே நினைத்து ஓடும். ஆனால் ஒவ்வொரு அடியையும் நீலப் பெட்டி பார்த்துக்கொண்டிருக்கும், வேண்டிய இடத்தில் நிறுத்தும், ரெஜிஸ்டரைக் காட்டும். கேரி கில்டால் 1974-ல் சிபி/எம் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதியது இந்த இன்டெலெக் குடும்பத்தின் ஒரு இயந்திரத்தில்தான். பின்னாளில் வந்த டாஸ் அந்தப் பாதையில் வந்ததே. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நீலப் பெட்டியைத் தேடி அலைவதற்குக் காரணம் இதுதான்.

பணம் இல்லாதவர்களுக்கு இரண்டாவது வழி. 8085-க்கென்று இன்டெல்லே எஸ்டிகே-85 என்ற கிட்டை விற்றது. பிரித்த பாகங்களாக வரும். வாங்குகிறவர் தானே பற்றவைத்துச் சேர்க்க வேண்டும். மானிட்டர் புரோகிராமுக்கு 2 கிலோபைட் ரோம், நம் புரோகிராமுக்கு வெறும் 256 பைட் ரேம், விசைப்பலகை, ஆறு இலக்க டிஸ்ப்ளே. இன்று நல்ல நிலையில் உள்ள எஸ்டிகே-85 வெளிநாட்டுச் சந்தையில் நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகிறது. 1971-ன் முதல் மைக்ரோபிராசசர் 4004-ன் வெள்ளைப் பீங்கான் வடிவம் ஆயிரம் டாலரைத் தாண்டுவதும் உண்டு.

அந்த இரண்டாவது வழியைத்தான் நம் நாட்டுக் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. பெங்களூரில் ஈஎஸ்ஏ, டெல்லியில் வினிடிக்ஸ், மும்பையில் டைனலாக், சென்னையில் வி மைக்ரோசிஸ்டம்ஸ். இறக்குமதிக் கெடுபிடியும் சுங்க வரியும் இருந்த நாட்டில், டிப்ளமா படிக்கிற பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற விலையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தவர்கள் இவர்கள். நீலப் பெட்டியைப் பற்றி எழுதப்பட்ட அளவில் நூறில் ஒரு பங்குகூட இவர்களைப் பற்றி எழுதப்படவில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

தூத்துக்குடிக்கு இந்தக் கிட்களின் முக்கியத்துவம் வேறு. 1974-ல் பெருந்துறைமுகமானது ஊர். 1975-ல் ஸ்பிக் உரத் தொழிற்சாலை, 1979-ல் அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட். ஊரைச் சுற்றி இன்ஸ்ட்ருமென்டேஷன் தெரிந்த ஆள் தேவைப்பட்ட காலம். எங்கள் பெற்றோரில் பலர் உப்பளத்திலும் தோணியிலும் கொடவுனிலும் வேலை பார்த்தவர்கள். வீட்டில் டிவியே இல்லாத பையன் பாலிடெக்னிக்கில் நேராக ஒரு மைக்ரோபிராசசர் முன்னால் உட்கார்ந்தான். இடையில் ஒரு படியும் இல்லை. பிற்பாடு உப்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடையின் பழைய எண்காட்டிப் பெட்டி ஒன்றைத் திறந்தபோது, உள்ளே அதே 8085-ம், அதே ஜன்னல் வைத்த ஈப்ராமும் இருந்ததைப் பார்த்தேன். லேபில் பார்த்த பழைய சிநேகிதனைச் சம்பள வேலையில் சந்தித்த மாதிரி இருந்தது.

லேப் நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது 4100. தமிழ்நாட்டில் பெரும்பாலான ரெக்கார்டு நோட்டுகளில் புரோகிராம் 4100 என்ற முகவரியில் தொடங்கும், விடை 4500-ல் இருக்கும். கம்பைலர் கிடையாது. நோட்டில் ஐந்து பத்தி போட்டு, முகவரி, லேபிள், கட்டளை, ஆப்கோடு, குறிப்பு என்று எழுதி, பக்கத்தில் ஆப்கோடு ஷீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டளைக்கும் எண்ணைத் தேடி எழுத வேண்டும். ஐந்தையும் மூன்றையும் கூட்டுகிற புரோகிராம் இப்படி இருக்கும்: 3ஈ, 05, 06, 03, 80, 32, 00, 45, 76. மொத்தம் ஒன்பது பைட். 3ஈ என்றால் அக்யூமுலேட்டரில் போடு, 06 என்றால் பி ரெஜிஸ்டரில் போடு, 80 என்றால் இரண்டையும் கூட்டு, 32 என்றால் விடையைக் கொண்டுபோய் வை, 76 என்றால் நில்.

இதில் எல்லோரும் விழுகிற குழி அந்த 00, 45. வைக்க வேண்டிய முகவரி 4500. ஆனால் சிப்புக்குப் பின்பாதியை முதலில் சொல்ல வேண்டும். 45, 00 என்று நேராக எழுதியவன் விடையை 0045-ல் தேட வேண்டியிருக்கும், அங்கே மானிட்டர் புரோகிராம் இருக்கும், ரோமில் எதுவும் எழுத முடியாது. 4500-ல் பழைய குப்பை எண் நிற்கும். ஏன் என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தவன் பிறகு ஒருநாளும் மறக்கமாட்டான். டிஸ்ப்ளேயிலும் ஒரு வில்லங்கம். ஏழு கோடுகளால் எழுத்தைக் காட்டுவதால் ‘பி’யும் 6-ம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். மேல்கோடு எரிந்தால் 6, எரியாவிட்டால் பி. மேல்கோட்டின் எல்ஈடி போன கிட்டில் உட்கார்ந்தவன் பாடு பெரும்பாடு.

ரீசெட், சப், நாலு இலக்க முகவரி, நெக்ஸ்ட். பிறகு ஒவ்வொரு பைட்டாக அடித்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். எண்பது பைட் புரோகிராமை அடித்து எழுபத்தைந்தாவது பைட்டில் இருக்கும்போது கரண்ட் போனால் திரும்ப 4100-லிருந்து. அதற்காகத்தான் அந்தப் பேட்டரி. ஆனால் ஆய்வகக் கிட்களில் அது செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருக்கும். செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பக்கத்தில் நிற்க, விரல் நடுங்கி விசை இரண்டு முறை விழுந்தவர்கள் இதைப் படித்தால் இப்போதும் வியர்ப்பார்கள்.

எல்லாச் சோதனைகளிலும் பிள்ளைகளுக்குப் பிடித்தது, டிஸ்ப்ளேயை இயக்கும் 8279 சிப்பை வைத்துச் செய்யும் ஓடும் எழுத்து. டிஸ்ப்ளேயில் வலமிருந்து இடமாக ‘ஹெல்ப் அஸ்’ என்று ஓட வேண்டும். ‘ஹெச்’சுக்கு 98, ‘ஈ’க்கு 68, ‘எஸ்’ஸுக்கு 29 என்று ஒரு அட்டவணை. ஏழு கோடுகளில் எழுதமுடிகிற எழுத்துகள் குறைவு என்பதால் கிடைத்த எழுத்துகளை வைத்து யாரோ அமைத்த வாசகம் அது. தமிழ்நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ரெக்கார்டு நோட்டுகளில் இருக்கிறது. அட்டவணையை மாற்றித் தன் பெயரை ஓடவிட முயன்றவர்கள்தான் அந்த வகுப்பில் உண்மையிலேயே புரோகிராமிங் கற்றுக்கொண்டவர்கள் என்பது என் கணிப்பு.

புத்தகம் என்றால் ரமேஷ் காவோன்கர் எழுதியது. 1984-ல் அமெரிக்காவில் வெளிவந்து, இந்தியாவில் மலிவுப் பதிப்பாகக் கிடைத்த புத்தகம். பரீட்சைக்கு நாகூர் கனி புத்தகம். கிட், புத்தகம், ஆப்கோடு ஷீட் மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் கல்வி முழுமை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், விலை இங்கேதான் தீர்மானமாகிறது. பலகையைக் கிலோவுக்கு வாங்குகிறவர் பார்ப்பது பொன். ஐசியின் உள்ளே சிப்பையும் கால்களையும் இணைக்கும் மெல்லிய கம்பி, பழைய பீங்கான் உறையின் மூடி, கனெக்டரின் முலாம். அமிலத்தில் கரைத்து எடுத்தால் கிடைப்பது கொஞ்சம். அதை எடுக்கும் கொட்டகையில் நிற்கும் பிள்ளைகளின் நுரையீரலுக்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் வருவது அதிகம். மின்கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2022-ன் விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன.

சேகரிப்பவர் பார்ப்பது வேறு. ஓடுகிறதா, பாகங்கள் அசலா, மேனுவல் இருக்கிறதா, மானிட்டர் புரோகிராமின் அச்சிட்ட லிஸ்டிங் இருக்கிறதா. லிஸ்டிங் இருந்தால் எந்த விசைக்கு எந்த ரொட்டீன், எந்த முகவரியில் எந்தப் போர்ட் என்று எல்லாம் தெரியும். செத்த ஈப்ராமைக்கூட அதைப் பார்த்துத் திரும்ப எழுதி உயிர் கொடுக்கலாம். காகிதம் இல்லாத கிட் பாதி விலைக்குக்கூடப் போகாது. கண்டம் போடுகிற கல்லூரிகள் இதைக் கவனிப்பதே இல்லை. கிட்டை ஒரு லாரியிலும் மேனுவல்களைப் பழைய பேப்பர் கடைக்கும் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் பிரிந்த அன்றைக்கே முக்கால்வாசி மதிப்பு போய்விடுகிறது. ஆய்வகப் பொறுப்பில் உள்ளவர்கள் யாராவது படித்தால் சொல்கிறேன்: தயவுசெய்து மேனுவலை அந்தந்தப் பெட்டிக்குள் போட்டு அனுப்புங்கள்.

வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. நூறு ஆண்டு கடந்த பொருட்களுக்குத்தான் 1972-ன் தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. பேட்டரியை எடுத்துவிட்டு, ஐசி கால்கள் வளையாதபடி கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி, பலகையை நிலைமின்சாரம் தாக்காத உறையில் போட்டு அனுப்பினால் போதும். ஆனால் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். சரிசெய்த கோடு, மாற்றிய ஐசி, வேலை செய்யாத விசை எல்லாவற்றையும் படம் எடுத்துக் காட்டியே நான் விற்கிறேன். வாங்குகிறவர் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாத தூரத்தில் இருக்கும்போது விற்பவரின் சொல்தான் பொருள்.

8085 செத்துப்போன சிப் என்று நினைத்துவிடக் கூடாது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தியின் மூளை இதே குடும்பத்தின் 80சி85 தான். 2 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. நம் நாட்டிலேயே சிப் செய்யும் முயற்சியும் நிற்கவில்லை. மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கி, 1989 பிப்ரவரியில் தீயில் பெரும்பகுதியை இழந்து, நெடுங்காலம் தள்ளாடியது. அதே வளாகத்தில்தான் சென்னை ஐஐடியில் காமகோடி தலைமையில் உருவான சக்தி பிராசசர்களில் ஒன்று 2018-ல் தயாரானது. இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்கான விக்ரம் 3201 பிராசசர் 2025-ல் வெளிவந்ததும் அங்கிருந்துதான். திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நம் மாவட்டத்துக் கரையிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் அதற்குள் இருக்கும் பிராசசரைப் புரிந்துகொள்ள விரும்பும் பிள்ளைகள் எங்கே தொடங்குவார்கள்? கோடிக்கணக்கான டிரான்சிஸ்டரில் தொடங்க முடியாது. 6,500-ல் தொடங்கலாம்.

அண்ணாச்சியிடம் வாங்கிய பெட்டிகளில் பாதி ஓடுகின்றன. காரம் தின்ற பலகை ஒன்றும், பவர் சப்ளை எரிந்த இரண்டும் உதிரிபாகத்துக்கு ஆகும். நல்லவற்றில் ஒன்றுக்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் நல்ல விலை கொடுத்தார். இந்தியாவில் செய்த கிட் அவர் சேகரிப்பில் இதுவரை இல்லையாம். மற்றவற்றைக் கோவில்பட்டிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கேட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கற்றுத்தர நினைக்கிறார். ஜெர்மன்காரர் கொடுத்ததில் நாலில் ஒரு பங்குதான் அவரால் முடிந்தது. அவருக்கே கொடுத்தேன். வாரம் ஒருமுறை சுவிட்ச் போடப்படும் கிட் கண்ணாடி அலமாரியில் இருப்பதைவிட அதிக நாள் உழைக்கும் என்பது என் அனுபவம். கால்கள் கறுக்காது, விசைகள் இறுகாது.

அவருக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. மேனுவல் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதிலும் மானிட்டர் லிஸ்டிங்கின் கடைசிப் பகுதி கிழிந்துபோயிருக்கிறது. கேசட் டேப்பில் புரோகிராமைப் பதிவுசெய்து திரும்ப ஏற்றும் ரொட்டீன் இருக்கிற பக்கங்கள் அவை. பழைய டேப் ரெக்கார்டரை இணைத்துப் பிள்ளைகளுக்கு அதைச் செய்துகாட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. உங்கள் வீட்டுப் பரணிலோ, கல்லூரி அலமாரியிலோ எந்தக் கம்பெனியின் 8085 கிட் மேனுவலாவது இருந்தால் பேப்பர்காரரிடம் போடாதீர்கள். லிஸ்டிங் பக்கங்களைப் படம் எடுத்து இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.

(தொடரும்)